ஊத்துக்குளி வெண்ணெயும் ஒரு போசி மோரும்

சென்னையில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் "திருப்பூர் பக்கம்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். ஊத்துக்குளி என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். போன சித்திரையில் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அட, வெண்ணெய் ஊரா! மேடம், ஒரிஜினல் எருமை வெண்ணெய் ரெண்டு கிலோ வேணும், பையனுக்கு முதல் பிறந்தநாள் வருது" என்று ஆரம்பித்தவர் பணத்தையும் அப்போதே ஜிபேயில் அனுப்பிவிட்டார். பணம் வந்தபிறகு எப்படி மறுப்பது. ஒரு சீருக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், ஐஸ் பெட்டியும் கையுமாக ஊத்துக்குளியில் ஒரு கடை முன்னால் போய் நின்றேன். கடைக்காரர் அகலமான டப்பிலிருந்து வழித்து வழித்து எடை போட்டார். நிறம் லேசான மஞ்சள். நான் சிறுவயதில் பார்த்த வெண்ணெய் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கும். வாயைச் சும்மா வைத்துக்கொள்ளாமல், "இது எருமை வெண்ணெய்ங்களா?" என்று கேட்டேன். அவர் தராசைப் பார்த்தபடியே, "கடைசியா எருமைய எங்கீங்க பாத்தீங்க?" என்றார். கோபமெல்லாம் இல்லை, உண்மையாகவே கேட்டார். அப்புறம் அவரே, "மாட்டுப்பால்தானுங்க எச்சு. எருமையுங் கொஞ்சங் கலந்திருக்கும்" என்று சொல்லி ரெண்டு கிலோவையும் கட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஏறி எங்கள் கிராமத்துக்குப் போகும் ஏழு கிலோமீட்டரும் நான் எருமையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட இல்லை. கருப்பு வெள்ளை மாடுகள், செவலை ஜெர்சிக் கலப்புகள், ஓரிடத்தில் வேலியோரம் ஒரு காங்கேயம் மயிலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே சாலையில் காலையில் எருமைகள் குறுக்கே நின்று டவுன் பஸ்ஸை நிறுத்தும், டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார், எருமை திரும்பிக்கூடப் பார்க்காது. எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை இது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019இல் அது 5.2 லட்சம் ஆகிவிட்டது. ஏழே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். ஆனால் எருமையால் பேர் வாங்கிய ஓர் ஊரில் எருமை இல்லை என்பது வேறு விஷயம். கடைக்காரர் கேட்ட கேள்வி அதற்கப்புறம் என்னை விடவில்லை. எருமை போயிற்று, சரி, வேறு எதுவெல்லாம் கூடவே போயிற்று என்று யோசிக்கப்போய் கடைசியில் எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து மாட்டிக்கொண்டேன்.

காத்திருக்கத் தெரிந்த பால்

ஊத்துக்குளியில் ஏன் வெண்ணெய் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். தண்ணீர் ருசி என்பார்கள், புல் ருசி என்பார்கள், கதித்தமலை முருகன் அருள் என்பார்கள். அகத்தியரின் தாகத்துக்கு முருகன் வேலால் குத்தி ஊற்று வரவழைத்த இடம், அதனால்தான் ஊத்துக்குளி என்பது மலைக்கோவில் கதை. ஊற்றுக்குப் பேர்போன இந்த ஊரில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நல்ல வருஷம். நொய்யல் ஆற்றுக்கு வடக்கே முழுக்க மேட்டுக்காடு. கம்பு, சோளம், பருத்தி, கொள்ளு. வெள்ளாமை இல்லாத இடமெல்லாம் கொரங்காடு, அதாவது கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் விட்டு, மாட்டை ஓட்டிவிடுகிற மேய்ச்சல் காடு. மழை ஏமாற்றினாலும் கொரங்காடு ஒரேயடியாக ஏமாற்றாது. வெள்வேலங்காய் விழும், சோளத்தட்டுப் போரும் இருக்கும். வெள்ளாமையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத ஊரில் மாடு இரண்டாவது காடு மாதிரி.

எனக்குத் தோன்றும் காரணம் இன்னும் சாதாரணமானது. பாலை விற்க ஆளில்லை, அதனால் வெண்ணெய் எடுத்தார்கள். கறந்த பால் எங்கள் வெயிலில் அஞ்சாறு மணி நேரத்துக்குள் திரிய ஆரம்பித்துவிடும். ஊரில் எல்லார் வீட்டுக் கட்டுத்தரையிலும் எருமை நிற்கும்போது யார் யாருக்குப் பால் விற்பது? திருப்பூர் பதினைந்து கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், போக மாட்டு வண்டி. அதற்குள் பால் தயிராகிவிடும். சரி, தயிராகத்தான் ஆகப்போகிறது என்றால் நாமே ஆக்கிவிடலாமே. தயிர் ஒரு நாள் தாங்கும், வெண்ணெய் தண்ணீர்ப் பானையில் போட்டால் நாலைந்து நாள் தாங்கும், நெய் மாதக்கணக்கில் தாங்கும். ஒவ்வொரு படியிலும் ஆயுள் கூடும், சுமை குறையும். எருமைப் பாலில் 7 சதவீதம் போலக் கொழுப்பு. பத்து லிட்டரைக் கடைந்தால் முக்கால் கிலோவுக்கு மேல் வெண்ணெய் நிற்கும், அதை உருக்கினால் 600 கிராம் போல நெய். கலப்பின மாட்டுப் பால் என்றால் இதில் பாதி கொஞ்சம் கூடக்குறைய. வெண்ணெய் எங்கள் ஊருக்குக் காத்திருக்கத் தெரிந்த பால். வெண்ணெய்க்காரருக்குக் காத்திருக்கும், சந்தைக்குக் காத்திருக்கும், நெய்யாகி டின்னில் ஏறி ரயிலுக்கும் காத்திருக்கும்.

ரயில் எங்களுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரைக்கும் 1862இல் தடம் போட்டு முடித்தார்கள். விஜயமங்கலத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே அந்தத் தடத்தில்தான் ஊத்துக்குளி ஸ்டேஷன். இன்றைக்கும் அந்தப் பக்கத்தை ஊத்துக்குளி ஆர்.எஸ். என்றுதான் சொல்கிறோம். சுற்றுப்பட்டுக் கிராமத்து வெண்ணெயெல்லாம் ஒரே இடத்தில் வந்து கூடுவதற்கு ஒரு ஸ்டேஷன் போதும், பேரும் அந்த இடத்துக்கே போய்விடும். கடைந்தது எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) மாதிரி நூறு கிராமத்துப் பெண்கள், பேர் மட்டும் ஊத்துக்குளிக்கு. (மாவட்டப் பேர்கூட எங்களுக்கு நிலையாக இருந்ததில்லை. 1979 வரை கோயமுத்தூர், அப்புறம் பெரியார் மாவட்டம், அதுவே ஈரோடு மாவட்டம் ஆயிற்று, 2009இலிருந்து திருப்பூர். ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.)

அம்மாயி விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்துவிடுவாள். முந்தின நாள் பால் வரட்டி நெருப்பில் மெதுவாகச் சுண்டி, மேலே தடித்த ஆடையோடு உறைந்து, தாழியில் தயாராக இருக்கும். மத்தைக் கம்பத்தோடு சேர்த்துக் கயிறு போட்டு இரண்டு கையாலும் மாறி மாறி இழுப்பாள். சொர், சொர் என்று ஆரம்பிக்கும் சத்தம் கொஞ்ச நேரத்தில் கனத்துப்போகும், அப்புறம் திடீரென்று இளகும். இளகினால் வெண்ணெய் திரண்டுவிட்டது என்று அர்த்தம். சித்திரை வைகாசியில் கைக்கு நிற்காமல் நழுவும், கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவாள். மார்கழியில் சேராமல் பொடிப்பொடியாக மிதக்கும், வெந்நீர் ஊற்றுவாள். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது அவள் விரலுக்குத்தான் தெரியும். திரண்டதை உருட்டி, அலசி, தண்ணீர்ப் பானையில் போட்டுவைத்தால், நாலாம் நாள் வெண்ணெய்க்காரர் சைக்கிளில் வருவார். உருண்டையைக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்துவார். உள்ளே தண்ணீர் பொதிந்திருந்தால் முத்து முத்தாக வெளியே வரும். "என்னுங்க ஆத்தா, ரயிலுக்குத் தண்ணி அனுப்பறீங்களா" என்பார். அம்மாயி, "நீ போடற தராசுக்கு அது சரியாப் போச்சு போ" என்பாள். இரண்டு பேரும் சொல்வது உண்மை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் காசு அம்மாயியின் காசு. பருத்திக் காசும் மஞ்சள் காசும் அப்புச்சியின், அதாவது தாத்தாவின், சட்டைப்பைக்குப் போகும், வெண்ணெய்க் காசு அரிசிப் பானைக்குள் போகும். என் காதுக்கு முதல் தோடு அந்தப் பானையிலிருந்துதான் வந்தது. மருமகளுக்கும் மகளுக்கும் அவள் தனித்தனியாகச் செய்ததெல்லாம் அதிலிருந்துதான். பழைய பாட்டொன்றில், பெரும்பாணாற்றுப்படையில், ஓர் ஆய்மகள் வருவாள். மோரை விற்று நெல் வாங்கி வீட்டாரைச் சாப்பிட வைப்பாள். நெய்க்கு மட்டும் பொன் கொடுத்தால்கூட வாங்கமாட்டாள், எருமையாகவும் பசுவாகவும் கேட்டு வாங்கிக்கொள்வாள். மோர் வயிற்றுக்கு, நெய் முதலுக்கு. இதைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு நேராக அம்மாயி முகம்தான் வந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. அம்மாயி மோரை விற்றதில்லை. மோரை விற்பது எங்கள் பக்கம் கேவலம்.

மோர் என்றால் எவ்வளவு என்று இப்போது நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. கடைந்த தயிரில் வெண்ணெய் போக மிச்சமெல்லாம் மோர், தண்ணீர் வேறு சேர்ந்து குடம் நிறைய. வீட்டில் கம்பஞ்சோற்றுக்கு ஊற்றிக் குடித்தது போக, காலையில் வாசலில் போசிகள், அதாவது பாத்திரங்கள், வரிசையாக வந்து நிற்கும். தூக்குப்போசி, அலுமினியப் போசி, ஈயம் பூசின பித்தளைப் போசி. எருமை இல்லாத வீடுகளிலிருந்து, எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து. யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை என்பதில் அம்மாயிக்கு ஒரு பெருமை உண்டு. ஊத்துக்குளி வெண்ணெய் என்று கேட்டுக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாதி தெரிய வாய்ப்பில்லை. வெண்ணெய் ரயிலேறிப் போய்விடும். மோர் ஊரிலேயே தங்கும்.

பாலூத்துகிற வரிசை

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் ஊருக்குப் பால் சொசைட்டி வந்தது. குஜராத்தில் கேடா மாவட்டத்து விவசாயிகள் 1946இல் தொடங்கிய கூட்டுறவு ஒன்றியம், அதைப் பார்த்து 1970இல் நாடு முழுக்கக் கிளம்பிய வெண்மைப் புரட்சித் திட்டம், 1981இல் தமிழ்நாட்டில் உருவான பால் கூட்டுறவு இணையம், ஆவின், இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒரு ஓட்டுச் சாளை, ஒரு மேஜை, அலுமினியக் கேன்கள், அப்புறம் அந்தக் கண்ணாடிக் குழாய்கள். குழாயில் அமிலத்தை விட்டு, அதன்மேல் பாலை விட்டு, இன்னொரு திரவம் சேர்த்து, மூடி போட்டுக் குலுக்கினால் வெள்ளைப் பால் காப்பிக் கலராகிக் கை சுடும். அதை ஒரு வட்டப் பெட்டியில் அடுக்கிச் சுற்றி எடுத்தால் குழாயின் கழுத்தில் மஞ்சளாகக் கொழுப்பு ஏறி நிற்கும், பக்கத்தில் அளவுக்கோடுகள். அம்மாயி ஒரு மணி நேரம் மத்து இழுத்துக் கண்டுபிடிப்பதை இது ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டது. கட்டை விரலும் வேண்டாம், தராசுச் சண்டையும் வேண்டாம். சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் சாயங்காலப் பாலை மட்டும் ஊற்றினார்கள். காலைப் பால் உறைக்கு நின்றது. ஆறு மாசத்தில் காலைப் பாலும் போக ஆரம்பித்தது. பத்து நாளைக்கு ஒருதரம் பட்டுவாடா, கையில் காசு, வெண்ணெய்க்கு வருவதைவிட அதிகம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பால் பயணம் போகக் கற்றுக்கொண்டுவிட்டது, இனிமேல் வெண்ணெயாகிக் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். பின்னால் குளிரூட்டும் தொட்டிகள் வந்தபோது அதுவும் முடிந்தது. தாழி அட்டத்துக்குப் போயிற்று, மத்து கொஞ்ச நாள் சுவரில் தொங்கியது.

இந்த இடத்தில் அம்மாயிக்காக வருத்தப்படுவது எனக்கு ரொம்ப நாள் வழக்கமாக இருந்தது. சென்னைக்கு வந்த பிறகு ஒரு வலைப்பதிவுகூட எழுதினேன், மத்துச் சத்தம், வரட்டிப் புகை வாசனை என்றெல்லாம் உருகி உருகி. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, நாலு மணிக்கு நீயா எந்திரிச்சே?" என்றாள். அவள் தோள்பட்டை இரண்டும் கடைசி வரை நேராக நிமிரவில்லை. தூக்கம் கிடைத்தது என்றுதான் அவள் சொசைட்டியை நினைவில் வைத்திருந்தாள். ஒரு குறை மட்டும் உண்டு. சொசைட்டியில் உறுப்பினர் அப்புச்சி, பாஸ் புத்தகம் அப்புச்சி பேரில், பட்டுவாடாவுக்குப் போவதும் அப்புச்சி. பால் கறந்தது அவள், தூக்கிப் போய் ஊற்றியதும் பாதி நாள் அவளே. அரிசிப் பானைக்குக் காசு போவது நின்றுவிட்டது. அதற்கப்புறம் எனக்கு வளையல் வாங்க அவள் அப்புச்சியிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் கொடுப்பார், கொடுக்காமல் இல்லை. ஆனால் கேட்க வேண்டியிருந்தது.

எருமை போனது இதற்கும் கொஞ்சம் பின்னால். கொழுப்புக்குத்தான் விலை என்றால் எருமைக்குத்தானே யோகம் என்று தோன்றும். 2023 டிசம்பர் நிலவரப்படி ஊக்கத்தொகையோடு சேர்த்து ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய், எருமைப் பாலுக்கு 47. ஆனால் எருமை நாலு அஞ்சு லிட்டர் கறக்கும் கட்டுத்தரையில் கலப்பின மாடு பத்து, பன்னிரண்டு கறக்கும். மாடு வருஷத்துக்கு ஒரு கன்று என்றால், எருமை அடுத்த கன்று போட ஒன்றரை வருஷம் ஆக்கும். பேங்கில் மாட்டுக்குக் கடன் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இதையெல்லாம் விட, எருமைக்குக் குட்டை வேண்டும். கருந்தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு, மத்தியானம் தண்ணீரில் கிடக்காவிட்டால் அதற்குத் தாங்காது. எங்கள் ஊர்க் குட்டை வண்டல் ஏறித் தூர்ந்துபோயிற்று. நொய்யல் பக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சாயத்தண்ணீரில் எருமையை இறக்க யாருக்கு மனசு வரும். குட்டைக்கு ஓட்டிப் போய் மத்தியானம் முழுக்கக் காவல் கிடக்கிற பையன்களைத் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. எருமைக்கு இருந்த கடைசி ஆளும் போனான்.

(வெண்ணெய் வெள்ளையா மஞ்சளா என்பதும் இதனால்தான். பசு தான் தின்னும் பச்சையிலுள்ள மஞ்சள் சத்தில் கொஞ்சத்தை அப்படியே கொழுப்பில் இறக்கிவிடும். எருமை அதை வைட்டமினாக மாற்றிவிடுவதால் கொழுப்பு வெள்ளையாக நிற்கும். தீனியும் நெய்யில் பேசும். சௌராஷ்டிரம் மாதிரிப் பருத்திக்கொட்டை போடும் பகுதிகளின் நெய்க்கு ஆய்வகச் சோதனை எண் வேறாக வருவதால் அந்த நெய்க்கென்று தனி வரம்பே வைத்திருந்தார்கள். அம்மாயி பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றின நாளும் ஊற்றாத நாளும் வெண்ணெய் ஒரே மாதிரி இருக்காது என்று சொல்லும்போது நான் நம்பியதில்லை.)

போசிகள்

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். காலைப் பாலும் சொசைட்டிக்குப் போக ஆரம்பித்த பிறகும் வாசலில் போசிகள் வந்துகொண்டுதான் இருந்தன. அம்மாயி கொஞ்ச நாள் ஒரு லிட்டர் பாலை எடுத்து வைத்து உறை ஊற்றினாள், மோருக்காக மட்டும். அப்புச்சி கணக்குக் கேட்டார். ஒரு லிட்டர் அரை லிட்டராயிற்று, தண்ணீர் கூடியது. அப்புறம் ஒரு நாள் காலையில் எங்கள் காட்டு வேலைக்கு வரும் அம்மா தன் அலுமினியப் போசியோடு வாசலில் நின்றபோது, அம்மாயி உள்ளே அடுப்படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு, "வூட்ல இல்லைன்னு சொல்லு கண்ணு" என்று என்னை அனுப்பினாள். நான் போய்ச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு அம்மாயி குரல் கேட்டிருக்கும், திண்ணைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவர்தான். "செரிங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் போசி வரவில்லை. ஒரு வாரத்தில் எந்தப் போசியும் வரவில்லை.

ரொம்ப வருஷம் இதை நான் ஒரு நஷ்டக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலைக் காசாக்கினோம், ஊர் மோரை இழந்தது, ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைத்த சத்து போயிற்று என்று. அதில் பொய் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் விட்டேன். வாசல் என்று எழுதுகிறேனே, அந்த வாசலில் இரண்டு வாசல் உண்டு. உறவுக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் திண்ணை வரை வந்து போசியை நீட்டுவார்கள். காட்டு வேலைக்கு வருகிற அருந்ததியர் வீட்டுப் பெண்கள் வேலிப்படலுக்கு வெளியே நிற்பார்கள். போசியைக் கீழே வைத்துவிட்டு ஓர் எட்டுப் பின்னால் போவார்கள், அம்மாயி உயரத்திலிருந்து ஊற்றுவாள், போசியில் படாமல். அந்த அம்மாவுக்கு அப்போது என் அம்மா வயது இருக்கும். நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை அம்மிணி என்பார், நான் நாலாம் வகுப்பு. யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை என்று அம்மாயி பெருமைப்பட்டாளே, அந்தப் பெருமை இப்படி ஊற்றியதுதான்.

எண்பதுகளில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கறவை மாடு வாங்க ஐ.ஆர்.டி.பி. என்ற ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கடன் கொடுத்தார்கள். அந்த அம்மாவும் ஒரு மாடு வாங்கினார். சொசைட்டிக்குப் பால் கொண்டு வந்த முதல் நாள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பாலையும் நம் பாலையும் ஒரே கேனிலா ஊற்றுவது என்று. யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை, எங்கள் வீட்டு ஆட்களும் அதில் உண்டு. இரண்டு மூன்று நாள் தனிக் கேன் வைத்தார்கள். லாரி வந்தால் எப்படியும் எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது என்று யாரோ சொன்ன பிறகு அந்தத் தனிக் கேனும் நின்றுவிட்டது. அவர் பாலுக்கும் அதே அமிலம், அதே குழாய், அதே சீட்டு. சில நாள் அவர் பாலில் கொழுப்பு எங்கள் பாலைவிடக் கூட இருந்தது. அப்புச்சிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை வெண்ணெய் வாங்கின கையோடு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, மகள் இருக்கிறார். எனக்கு ரெண்டு வயது மூத்தவர், இருபது வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டோடு ஒரு மாடு வைத்திருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் அம்மிணி என்றும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை, "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க" என்று பொதுவாகச் சொல்லி நாற்காலி போட்டார். மத்தியான வெயில். ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மோர்ப் பாக்கெட்டை எடுத்துக் கத்தரித்து டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். உப்பும் பெருங்காயமும் சரியாக இருந்தது. குடித்துவிட்டு, ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன். "எங்க வீட்டு மோர் ஞாபகம் இருக்காக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கம்மா நின்னு வாங்கிட்டு வந்ததுதானுங்க. புளிப்பா இருக்கும். எனக்கு வவுறு நெறஞ்சுதான் இருந்துச்சு, அதைச் சொல்லாமப் போனாப் பாவம். ஆனா எனக்கு அந்த ஞாபகம் வேண்டாங்க" என்றார். குரலில் சண்டை இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்பது இப்போதும் எனக்குத் தெளிவில்லை, மன்னிப்பு மாதிரி ஏதோ ஒன்று, அது அவருக்கா எனக்கா என்றும் தெரியவில்லை. அதற்குள் அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்னங்க அது?" என்றார். வெண்ணெய் என்றேன். என்ன விலை என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றவர், உடனே அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கீங்க, மத்து யாரு இழுக்கறது. பாலாவே ஊத்தீரலாம்."

வெளியே சொசைட்டி வண்டியின் ஹாரன் கேட்டது. இன்னும் கறக்கவில்லை, இன்றைக்கு உங்களோடு பேசிக்கொண்டே இருந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போனார். பாஸ் புத்தகம் யார் பேரில் என்று கிளம்பும்போது கேட்டேன். "எம் பேருலதான்" என்று கட்டுத்தரையிலிருந்து சத்தமாகச் சொன்னார்.